ஹெல்மெட் போட்டிருந்தாரா?

என் கணவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்த வாரமே அவர் சைக்கிள் வாங்கிவிட்டார். டாக்டர் நடக்கத்தான் சொல்லியிருந்தார். "நடந்து போனா கடை எப்பத் தொறக்கறது?" என்று இவர் சைக்கிளுக்கு மாறிக்கொண்டார். செம்மேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். எங்கள் வீடு, மலையில் நாடு என்று சொல்லும் ஊர்க்கூட்டங்களில் ஒன்றான அரியூர் நாட்டில், நெல் வயல்களுக்கு மேல் இருந்த சரிவில். கொல்லிமலையில் சமமான ரோடு என்று ஒன்று கிடையாது. ஏறாவிட்டால் இறங்க வேண்டும். ஆரம்பத்தில் பாதி வழி சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனார். எதிரில் வந்தவர்கள், "ஏனுங்க, சைக்கிளையும் வாக்கிங் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார்கள். சிரித்துக்கொண்டே தள்ளினார். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் இறங்காமல் மிதித்து ஏறிவரும் அளவுக்குத் தேறிவிட்டார். இடுப்பு இளைத்துவிட்டது. பேன்ட்டுகளை எல்லாம் நான் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் சைக்கிள்காரர்கள் கூட்டமாக மலை ஏறி வருவார்கள். கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையையும் மிதித்தே ஏறி, செம்மேட்டு டீக்கடையில் வந்து உட்காருவார்கள். அவர்களில் ஒருவர் வங்கியில் வேலை செய்பவர். வழியில் போனைக் கீழே போட்டு உடைத்துக்கொண்டு ஒருமுறை இவர் கடைக்கு வந்தார். திரையை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் சைக்கிளைப் பற்றிப் பேச்சு வந்து, இருவருக்கும் பழக்கமாகிவிட்டது. அடுத்த முறை வந்தபோது தன்னுடைய பழைய ஹெல்மெட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "ஏறும்போது கழட்டி ஹேண்டில்ல மாட்டிக்கங்க. இறங்கும்போது மட்டும் போடாம இருக்காதீங்க" என்றாராம்.

முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கறுப்பாக, குழி குழியாக, பணியாரச் சட்டியைத் தலையில் கவிழ்த்த மாதிரி இருந்தது. "சிரி புள்ள, சிரி. பேங்க் மேனேஜர் தலையில இருந்தது இது" என்றார். அதன் பிறகு வெகுகாலம் அதைப் போடாமல் அவர் வீட்டைவிட்டுக் கிளம்பியதில்லை.

நான் மலையில் பிறந்தவள் அல்ல. பேளுக்குறிச்சிப் பக்கம், அடிவாரத்தில் காடு தோட்டம் உள்ள குடும்பம். ஆசிரியை வேலை கிடைத்து மலைக்கு வந்தேன். வந்த இடத்தில் இவரைப் பார்த்தேன், கட்டிக்கொண்டேன். அப்பாவுக்கு அதில் துளியும் சம்மதம் இல்லை. "மேட்டுக்காட்டுல கெழங்கு வெக்கிறவன் ஊட்டுக்கு எம்புள்ளையக் குடுக்கறதா?" என்று கேட்டவர், அதன் பிறகு என் கணவர் இருக்கும் திசைப் பக்கம்கூடப் பார்க்கவில்லை. நான் மட்டும் போய்வந்துகொண்டிருந்தேன். அம்மா, அப்பாவுக்குத் தெரியாமல் இவருக்கென்று எதையாவது பையில் கட்டிக் கொடுப்பார்.

அம்மா இறந்த பிறகு அப்பா தனியாகிவிட்டார். இளவயதிலிருந்து பீடி. நெஞ்சில் இழுப்பு. நுரையீரல் காய்ந்துவிட்டது, தூசியும் சளியும் ஆகாது, தனியாக விடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். நான் எப்படிக் கேட்பது என்று தயங்கிக்கொண்டிருந்தபோது இவர் யாரிடமோ காரை வாங்கிக்கொண்டு நேராகக் கீழே இறங்கிப் போனார். நானும் கூடப் போனேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இவர் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, "மாமா, போலாமுங்க. வண்டி கொண்டாந்திருக்கறேன்" என்றார். அதற்கு முன் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

வளைவுகளில் அப்பாவுக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. இவர் காரை ஓரம் கட்டி, இறங்கி, அவர் நெற்றியைத் தன் உள்ளங்கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டார். வாயைக் கழுவிவிட்டார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ அப்பா கண்ணை மூடிக்கொண்டே, "இன்னும் ரொம்ப தூரமுங்களா?" என்று கேட்டார். மருமகனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். "வந்துட்டமுங்க மாமா" என்றார் இவர். பாதி மலைகூட ஏறியிருக்கவில்லை.

அப்பா வந்து ஓராண்டு ஆவதற்குள் கொரோனா வந்துவிட்டது.

மலையில் முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது கீழே இருப்பவர்களுக்கு வருவது என்று பேசிக்கொண்டார்கள். பஸ் நின்றது, சந்தை நின்றது, என் பள்ளிக்கூடமும் மூடிக்கிடந்தது. இவர் கடையை மட்டும் அனுமதித்த நேரத்தில் திறந்தார். போன் இல்லாமல் யாரும் இருக்க முடியாத காலம் அது. பிள்ளைகளுக்குப் பாடமே போனில்தான் வந்தது. ஆகவே தினமும் சைக்கிளில் போனார், வந்தார். வந்ததும் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் காலை வைப்பார். அப்பா படுத்திருக்கும் அறைக்குள் போகவே மாட்டார். ஜன்னலுக்கு வெளியே நின்று, "சாப்டீங்களா மாமா?" என்று கேட்பார். அப்பா உள்ளே இருந்து, "ஆச்சுங்க மாப்ள" என்பார்.

மாஸ்க் போட ஆரம்பித்தபோதுதான் ஹெல்மெட்டுக்குச் சிக்கல் வந்தது. இவருக்குக் கண்ணாடி இல்லாமல் தூரத்துப் பார்வை தெரியாது. மாஸ்க்குக்குள் விடும் மூச்சு மேலே ஏறிக் கண்ணாடியில் படிந்துவிடும். மலைக் காற்றுக்கு அது உடனே பனி மூடியதுபோல் ஆகிவிடும். அதோடு, ஹெல்மெட்டின் வார் காதோரமாக இறங்கித் தாடைக்குக் கீழே வந்து சேரும். மாஸ்க்கின் கயிறும் அதே காதில்தான் மாட்ட வேண்டும். தலையைத் திருப்பினால் வார் மாஸ்க்கை இழுக்கும். மூக்கு வெளியே வந்துவிடும். ஒரு கையை விட்டு அதைச் சரிசெய்ய வேண்டும். எங்கள் ரோட்டு இறக்கங்களில் ஒரு கையை பிரேக்கிலிருந்து எடுப்பது நடக்கிற காரியமில்லை.

சில நாள் இரண்டையும் போட்டுப் பார்த்தார். கண்ணாடிக்குச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். மாஸ்க்குக்கு நீளமான கயிறு வைத்து, பின்னந்தலையில் முடிச்சுப் போடுகிற மாதிரி நான் தைத்துக் கொடுத்தேன். அந்த முடிச்சு ஹெல்மெட்டுக்கு அடியில் போய் உறுத்தியது. ஒருநாள் காலை, ஹெல்மெட்டைச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டு மாஸ்க்கை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"ஏனுங்க, தலைக்குப் போடலையா?"

"ரெண்டும் ஆவறதில்ல புள்ள. ஒண்ணுதான் முடியும்."

"அப்ப ஹெல்மெட்டப் போட்டுக்குங்க. மாஸ்க்க செம்மேட்டுல போய் மாட்டிக்கலாம்ல? ரோட்டுல யாரு இருக்கறா, குரங்குதான் இருக்குது."

"வழியில யாராச்சும் நிறுத்திப் பேசுவாங்க. இங்க பேசாம யாரு போறா? மாஸ்க்க எடுத்து மாட்டோணும்ன்னு அப்ப எனக்கு நெனப்பு வராது. வாங்கிட்டு வந்து மாமனுக்குக் குடுத்துருவேன்."

"உங்களுக்கு ஒண்ணு ஆனா?"

"எனக்கு ஆனா எனக்கு மட்டுந்தான ஆவுது" என்றார்.

அதோடு பேச்சு முடிந்துவிட்டது. அதன் பிறகும் நான் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். மழை பெய்த நாட்களில் சண்டையே போட்டேன். தலையை ஆட்டிக்கொண்டு மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். ஆளே இல்லாத ரோட்டில் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மூச்சு வாங்க மிதித்துப் போகும் மனிதரைப் பார்த்து எங்கள் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள். பழைய கேலியின் இடத்தில் இந்தக் கேலி வந்தது.

நடுவில் கொஞ்சம் ஊரடங்கு தளர்ந்தபோது சைக்கிள்காரர்கள் மறுபடி வந்தார்கள். எல்லோர் தலையிலும் ஹெல்மெட் இருந்தது. மாஸ்க் தாடைக்குக் கீழே தொங்கியது. அந்த ஏற்றத்தில் மூக்கை மூடிக்கொண்டு மிதிக்க முடியாதுதான், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வங்கிக்காரர் இவரைப் பார்த்துவிட்டு, "என்னங்க, தலைகீழா மாத்திட்டீங்க?" என்று கேட்டாராம். "ஊட்டுல பெரியவர் இருக்காருங்க" என்று இவர் பதில் சொன்னாராம். இதை எல்லாம் இவரே வந்து என்னிடம் சொன்னார், ஏதோ நகைச்சுவை போல.

இரண்டாவது அலை வந்தது. அடிவாரத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் சிலர் இறந்துபோனார்கள். மறுபடி எல்லாம் மூடப்பட்டது. அப்பாவின் இழுப்பு மருந்து தீர்ந்துபோகும் நிலைக்கு வந்தது. செம்மேட்டு மருந்துக் கடையில் சொல்லிவைத்திருந்தோம். வந்துவிட்டது என்று ஒருநாள் மதியம் போன் வந்தது. கோடை மழை அப்போதுதான் விட்டிருந்தது. "கொஞ்சம் ரோடு காயட்டும்" என்றேன். "மறுபடி மழ புடிச்சுக்கும். போயிட்டு வாரேன்" என்றார்.

திரும்பி வரும்போது, எங்கள் ஊருக்கு இறங்கும் சரிவில், சவுக்கு மரங்களின் சருகு நனைந்து ரோட்டில் ஒட்டிக் கிடந்த இடத்தில் சைக்கிள் சறுக்கிவிட்டது. வண்டி எதுவும் இடிக்கவில்லை. யார் மேலும் குற்றமில்லை. அங்கிருந்த சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் தலை மோதியிருக்கிறது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு வந்த லாரிக்காரர் பார்த்து, தூக்கித் தன் சீட்டில் சாய்த்துப் போட்டுக்கொண்டு செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்தச் சமயத்தில் யாரையும் தொடவே எல்லோரும் பயந்தார்கள். அவர் பயப்படவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த லாரிக்காரர் வெளியே நின்றுகொண்டிருந்தார். சட்டை எல்லாம் ரத்தம். என் கையில் மருந்துப் பொட்டலத்தைக் கொடுத்தார். சட்டைப் பையில் இருந்ததாம். பிறகு தயங்கித் தயங்கி, "மூஞ்சியில மாஸ்க் கட்டினது கட்டினபடி இருந்துச்சுங்க. மூச்சு விடட்டும்ன்னு நாந்தான் அவுத்தேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். கொரோனாவுக்கு நடுவில் ஒருவருடைய மாஸ்க்கைக் கழற்றியதற்காக அந்த மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஆம்புலன்ஸில் சேலத்துக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி படுக்கை இல்லை என்றார்கள். ஓர் இடத்தில் கடைசியில் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே போகும்போதே என்னை நிறுத்தி, மாஸ்க்கை மேலே ஏற்றச் சொன்னார் காவலாளி. டாக்டர் வெளியே வந்து கேட்ட முதல் கேள்வி, "ஹெல்மெட் போட்டிருந்தாரா?"

"இல்லீங்க."

அவர் உதட்டைச் சுழித்துக்கொண்டு எழுதினார். அவருக்கு அது தெரிய வேண்டிய விஷயம், கேட்டார். ஆனால் அதன் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே இல்லை. நர்ஸ் கேட்டார். பக்கத்துப் படுக்கைக்காரருடன் இருந்தவர் கேட்டார். போனில் என் தலைமையாசிரியை கேட்டார். கீழிருந்து என் பெரியப்பா மகன் கேட்டான். இல்லை என்று நான் சொன்னதும் ஒவ்வொருவர் குரலிலும் ஏதோ ஒன்று தணிந்துபோவதைக் கேட்டேன். இது நமக்கு நடக்காது என்ற நிம்மதியாக இருக்கலாம். இல்லை, பொறுப்பில்லாத ஆள் என்று இவரைப் பற்றி அவர்கள் முடிவு செய்துகொண்டதாகவும் இருக்கலாம். மாஸ்க் போட்டிருந்தாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன்.

மூளை வீங்கியிருக்கிறது, அதற்கு இடம் கொடுக்க மண்டை ஓட்டில் ஒரு துண்டை எடுத்து வைத்திருக்கிறோம், வீக்கம் வற்றி உடம்பு தேறியதும் திரும்ப வைப்போம் என்றார்கள். பல நாள் கண் திறக்கவில்லை. அந்த நாட்களில் பக்கத்து வீட்டு அக்காதான் அப்பாவைப் பார்த்துக்கொண்டார். மருந்துப் பொட்டலத்தை லாரிக்காரரிடமே கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். அப்பா அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு பிரிக்காமலே இருந்தாராம். அக்கா கெஞ்சியும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் மூச்சு அடியோடு முட்டிக்கொண்டு வந்தபோது, தானே பல்லால் கடித்துப் பிரித்து, வாயில் வைத்து இழுத்துக்கொண்டார். இழுத்து முடித்துவிட்டு, மூச்சு வந்த பிறகு, குலுங்கிக் குலுங்கி அழுதாராம்.

என் கணவர் கண் விழித்தார். கை கால் மெல்ல வந்தது. பேச்சும் வந்தது. முதலில் என்னைப் பார்த்துப் பேசிய வார்த்தை, "தண்ணி குடுங்க டீச்சர்."

மலையில் எல்லோரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏதோ மயக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் அப்படித்தான் சொன்னார். தன் பெயர் தெரிந்தது, ஊர் தெரிந்தது, கடை தெரிந்தது. நான் யார் என்று டாக்டர் கேட்டபோது மரியாதையோடு, "எங்க ஊருப் பள்ளிக்கூடத்து டீச்சருங்க. ரொம்ப நல்லவங்க" என்றார். காலப்போக்கில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு அனுப்பும்போது, தலையில் எலும்பு இல்லாத இடம் இருக்கிறது, நிற்கும்போதும் நடக்கும்போதும் கட்டாயம் ஹெல்மெட் போட்டிருக்க வேண்டும், தடுக்கி விழுந்துவிடக் கூடாது என்று சொன்னார். சைக்கிள் ஹெல்மெட் மாதிரி லேசாக இருந்தால் நல்லது என்றும் சொன்னார். வீட்டில் இருக்கிறது என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கட்டிலிலிருந்து எழுந்து வாசல் வரைக்கும் வந்தார். அதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. இவர் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "மாமா, சாப்டீங்களா?" என்றார். என்னைத் தெரியாத மனிதருக்கு அப்பாவைத் தெரிந்தது. அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. நான் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனால் இவர் தலையைத் திருப்பிக்கொள்வார். அதட்டினால் கோபம் வரும், தட்டு பறக்கும். முன்பெல்லாம் கோபமே தெரியாத மனிதர். அப்பா எடுத்துக்கொண்டு வந்தால் குழந்தை மாதிரி மோவாயை நீட்டுவார். அந்த வாரின் கொக்கி சின்னது. அது மாட்டும் சத்தம் வருவதற்குள் அப்பாவுக்கு இரண்டு முறை இருமல் வரும். இருமல் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமிவிட்டு, மறுபடி கொக்கியைத் தேடுவார். பள்ளிக்கூடம் திறந்து நான் வேலைக்குப் போன பிறகு பகல் முழுக்க இருவரும்தான் இருந்தார்கள். ஒருவருக்கு மூச்சு இல்லை, ஒருவருக்கு நினைவு இல்லை. நான் சாயந்திரம் வரும்போது அநேகமாக இருவரும் மிளகுக் கொடி ஏறிய மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள்.

வங்கிக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சைக்கிளை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, தன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். வாசலில் இவர் அந்தக் கறுப்பு ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். இவர் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. "செல்லு ரிப்பேருங்களா? குடுத்துட்டுப் போங்க, சாயந்திரம் ஆயிரும்" என்றார். அவர் உண்மையாகவே தன் போனை எடுத்து இவர் கையில் கொடுத்தார். இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காபி போட்டுக் கொடுத்தேன். குடிக்கும்போது அவர், "நான் குடுத்தத அன்னைக்குப் போட்டிருந்தாருங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். அந்தக் கேள்விக்கு ஏன் என்று என்னால் சொல்ல முடிந்தது அந்த ஒரு தடவைதான். அவர் உள்ளே கட்டிலில் படுத்திருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அவர் போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். நாங்கள் பேசியது அவர் காதில் விழுந்திருந்தது.

"கண்ணு, மெய்யாலுமே எனக்காவத்தான் அதக் கழட்டினாரா?"

அதுவரை அவருக்கு அது தெரியாது என்று நான் நினைத்திருந்தேன். பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை.

"ஆமாங்கப்பா."

"எனக்குத் தெரியும் சாமி. ஜன்னல் வழியாப் பாத்துட்டுத்தான் இருந்தேன். ஆணியில தொங்கினதையும் பாத்தேன், மூஞ்சியக் கட்டிட்டுப் போனதையும் பாத்தேன். நீ இல்லைன்னு சொல்லுவியான்னு கேட்டேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "இந்தக் காத்துப் போன நெஞ்சுக்கு அவரு ஒரு தலைய ஈடா வெச்சிருக்காரு. ஊருக்குள்ள யாருகிட்ட நான் சொல்றது இத?"

யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து கீழிருந்து உறவுக்காரர்கள் யார் வந்தாலும், அப்பா இவரைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "எம் மாப்ள" என்று சொல்லித்தான் பேச்சையே ஆரம்பித்தார்.

எடுத்து வைத்திருந்த எலும்பைச் சில மாதங்கள் கழித்துச் சேலத்தில் திரும்ப வைத்தார்கள். இனி ஹெல்மெட் தேவையில்லை என்றார்கள். ஆனால் இவருக்கு அது பழகிவிட்டிருந்தது. காலையில் பல் துலக்கியதும் அப்பாவிடம் போய் மோவாயை நீட்டுவார். அப்பாவும் மாட்டிவிடுவார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருவருக்கும் காலையில் இருந்த ஒரே வேலை அதுதான்.

அப்பா மார்கழியில் போனார். கொரோனா இல்லை. அந்த நெஞ்சு அவ்வளவுதான். பனி இறங்கி, எதிரில் இருக்கும் மரம் தெரியாத ஒரு காலையில், கொக்கியை மாட்டிவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "டீச்சர், மாமா தூங்கறாரு, சத்தம் போடாதீங்க" என்று இவர் வந்து சொன்னார்.

பேளுக்குறிச்சியிலிருந்து உறவுக்காரர்கள் வந்தார்கள். எங்களுக்குக் குழந்தை இல்லை, அப்பாவுக்கு மகன் இல்லை. பெரியப்பா மகன்தான் காரியங்களைச் செய்ய வந்திருந்தான். உடம்பைக் கீழே கொண்டுபோவதற்கு முன் வாசலில் கிடத்தியிருந்தார்கள். இவர் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றார். தலையில் ஹெல்மெட். வந்தவர்களில் சிலருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வயதான ஒருவர், "மாப்ள, அதக் கழட்டோணுமுங்க. பொணத்துக்குப் பக்கத்துல தலையில எதுவும் போடக் கூடாதுங்க" என்றார்.

"மாமா எந்திரிச்சுக் கழட்டி விடுவாருங்க" என்றார் இவர்.

அதற்கு மேல் யாருக்கும் வற்புறுத்த மனம் வரவில்லை. கூட்டம் அப்படியே நின்றது. வண்டி காத்திருந்தது. நான் போய் இவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். தலையைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்ததால் இருக்கலாம், மோவாயை நீட்டினார். கொக்கியைக் கழற்றினேன். அறுவைத் தழும்பின் மேல் முடி கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருந்தது. "நன்றிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, அப்பாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

இப்போது இவர் முன்பைவிட எவ்வளவோ பரவாயில்லை. கோபம் குறைந்துவிட்டது. தானே குளித்துக்கொள்கிறார். கடையை வேறொருவருக்கு விட்டுவிட்டோம். பழைய போன்களை யாராவது கொண்டுவந்து கொடுத்தால் பிரித்துவிடுகிறார், சேர்க்கத்தான் வருவதில்லை. நான் வேலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறார். என் பெயரைச் சொல்லிச் சில நாள் கூப்பிட்டிருக்கிறார். அந்த நாட்களில் நான் மூச்சைக்கூட மெல்ல விடுவேன். மறுநாள் மறுபடி டீச்சராகிவிடுவேன்.

போன வாரம் ஒரு சாயந்திரம், நான் சாமைச் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது அடுப்படிக்கு வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூச்சத்தோடு கேட்டார்.

"கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க டீச்சர். உங்க ஊட்டுக்காரரு எங்கீங்க?"

"வெளியில போயிருக்காருங்க" என்றேன்.

"போயி நாளாச்சுங்களா?"

"ஆச்சுங்க."

"வந்துருவாருங்க. நீங்க கவலப்படாம இருங்க" என்றார்.

நான் இருவருக்கும் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தேன்.